ரன்னரைத் தூக்கியிருக்கணுமா?

ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க செஞ்சு குடுத்த தேக்கு டைனிங் டேபிளுக்கு அதே கலர்ல ஒரு பெஞ்ச் வேணும்னு அந்த மேடம் கேட்டாங்க. கேக்கறது ஈஸி. புதுசா இழைச்ச தேக்கு லேசா பச்சை அடிச்சு, கோடு கோடா, ஒண்ணோட ஒண்ணு சேராமத்தான் இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு மாசக்கணக்குலதான் அந்தத் தேன் கலருக்கு வரும். பூசுற லின்சீட் ஆயிலும் (ஆளி விதை எண்ணெய்) தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்ல, காத்துல இருக்க ஆக்ஸிஜனை இழுத்துதான் இறுகும் (அந்தச் சூட்டுலதான் ஆயில் துணியைச் சுருட்டிப் போட்டா தானாவே பத்திக்கும், நாங்க நனைச்சு விரிச்சுத்தான் போடுவோம்), போகப் போக மஞ்சளும் ஏறும். அதனால ஆறு மாசம் பொறுங்க, பெஞ்ச் தானா டேபிள் கிட்ட வந்துடும்னேன்.

"அப்போ இன்னிக்கு நான் காசு குடுக்குறது ஆறு மாசம் கழிச்சு வரப்போற கலருக்கா?"

நியாயமான கேள்விதான். ஆசாரி, "ஸ்டெயின் சாயம் போட்டு இன்னிக்கே மேட்ச் பண்ணிடலாம் தம்பி"ன்னார். பண்ணலாம். அடியில மரம் தன் பாட்டுக்குக் கறுக்கும், மேல ஸ்டெயின் தன் பாட்டுக்கு வெளுக்கும், அப்புறம் டேபிள் ஒரு ஊரு, பெஞ்ச் ஒரு ஊரு.

சாம்பிள் பீஸோட அவங்க வீட்டுக்குப் போனேன். டேபிள் நடுவுல ரன்னர், அதான் நீளவாக்குல விரிக்கிற பட்டைத் துணி. அதைத் தூக்கினேன், அடியில ஒரு பட்டை மட்டும் வெளுப்பா, டெலிவரி பண்ண அன்னிக்கு இருந்த கலருக்கு ரொம்பக் கிட்ட. "இதுல எந்தக் கலருக்கு மேடம் மேட்ச் பண்ணணும்?"

அவங்க அதுவரைக்கும் அதைப் பாத்ததே இல்ல போல, துவைச்சுத் துவைச்சு அதே இடத்துலயே போட்டிருக்காங்க. "இது எப்போ ஆச்சு? ஆயில் ஃபினிஷ்னாலதானே?"ன்னாங்க. இல்ல மேடம், ஆயிலுக்குப் பதிலா கிளியர் பி.யு (நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு) அடிச்சிருந்தாலும் அடியில இதே மரம்தான்னு சொன்னேன். உண்மைதான், ஆனா பெஞ்ச் கேட்டவங்களுக்கு நான் டேபிள்லயே ஒரு குறையைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. காட்டாம வேற எப்படிப் புரிய வைக்கறது? வாயால சொன்னா சாக்கு சொல்றேன்னுதானே நினைப்பாங்க.

"கீறல் விழுந்தா அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஆயில் பூசிக்கலாம்னு சொல்லித்தானே வித்தீங்க, இதையும் தேய்ங்க"ன்னாங்க. அங்கதான் திணறினேன். தேய்ச்சா உள்ள இருக்க புது மரம்தான் வெளிய வரும், அதுவும் வெளுப்புத்தான். பட்டை போகணும்னா மொத்த டேபிளையும் தேய்க்கணும், ரெண்டு வருஷமா ஏறின கலர் அத்தனையும் போயிடும். அந்தக் கலருக்குத்தான் அவங்க பெஞ்சே கேட்டாங்க.

கடைசியில பெஞ்ச் ஸ்டெயின் இல்லாமத்தான் போச்சு. ஆசாரி இன்னமும், "நீ துணியைத் தூக்காம இருந்திருந்தா வேலை அப்பவே முடிஞ்சிருக்கும் தம்பி"ங்கறார். முடிஞ்சிருக்கும்தான், ஆனா அந்தப் பட்டையை என்னிக்காவது ஒரு நாள் அவங்களே பாத்திருப்பாங்க, அப்ப ஃபோன் எனக்குத்தான் வந்திருக்கும், அவருக்கா வரும்.

இப்பல்லாம் டெலிவரி அன்னிக்கே, முதல் சில மாசம் விரிப்பு போடாதீங்க, பூத்தொட்டியை இடம் மாத்தி மாத்தி வைங்கன்னு சொல்லிடறேன். போன வாரம் ஒருத்தர் டேபிளை ஒரு தட்டு தட்டிட்டு, "இத்தனை பத்தியம் எனக்கே டாக்டர் சொல்லல சார்"ன்னார்.