கொட்டை போட்ட இடத்திலேயே ஒட்டு

ஜூன் பாதியிலிருந்து வடசென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, மூலக்கடை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தள்ளுவண்டியில் நீலம், ருமானி மாம்பழங்கள்தான். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் குப்பை வண்டியில் போடுகிறோம். அப்புறம் செங்குன்றம் பக்கம் நர்சரிக்குப் போய் அதே மாமரத்துக்கு ஒட்டுக்கன்று வாங்கி வருகிறோம். வீட்டோரம் நாலுக்குப் பத்தடி மண் இருந்தால் கொட்டையை அங்கேயே முளைக்க வைத்து, அந்த நாற்றின் மேலேயே வேண்டிய ரகத்தின் குச்சியைச் சேர்த்து ஒட்டுக்கட்டுவதுதான் இந்த ஊருக்குச் சரி.

காரணம் வேர். நர்சரியில் ரொம்ப நாள் கிடந்த கன்றின் கறுப்புப் பையைக் கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் பையின் அடியில் முட்டி ஜிலேபி மாதிரிச் சுருண்டிருக்கும், இல்லையென்றால் நுனி அறுந்து பக்கவேர்கள் மட்டும் இருக்கும். கட்டையாகிவிட்ட சுருள் மண்ணில் நட்டாலும் நிமிராது. மேலே மரம் பெருக்கும், கீழே பிடிப்பு இருக்காது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னை முழுக்க மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காற்று முதலில் கடலோரத்தைத்தான் பார்க்கும், அதனால் இடம் மாறாத ஆணிவேர் ஒரு பெரிய பலம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீலம் கொட்டை போட்டால் நீலம் வராது. நீலம், பங்கனப்பள்ளி, ருமானி எல்லாம் ஒரே கரு உள்ள கொட்டைகள், மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்ததோ அதன் குணமும் கலந்துவிடும். நமக்கு அது வேருக்கு மட்டும்தான். ரகம் மேலே ஒட்டுகிற குச்சியிலிருந்து வரும்.

கொட்டையும் மண்ணும்

நன்றாகப் பழுத்த பழத்தின் கொட்டையாக எடுங்கள். நாரைத் தேய்த்துக் கழுவி ஒரு நாள் நிழலில் உலர்த்தினால் போதும், வெயிலில் காயப் போட்டால் முளைப்பு செத்துவிடும். கொட்டையின் ஓர விளிம்பை செடி வெட்டும் கத்தரியால் நறுக்கி, ஓட்டைப் பிரித்துப் பருப்பை முழுசாக எடுங்கள். நீலத்தில் கொட்டை வண்டு அதிகம், உள்ளே கறுத்துத் தூளாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். மீதியைத் தண்ணீரில் விட்டு, மூழ்குவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். மாங்கொட்டை அடுத்த மாதத்துக்குத் தாங்காது.

முதுகு வளைந்த பக்கம் மேலே இருக்கும்படி, ஒரு அங்குல மண் மூடுகிற ஆழத்தில் வையுங்கள். படுக்கப் போட்டால் தண்டு கழுத்தில் வளைந்து வரும், ஒட்டுக்கட்ட ஆகாது. ஓரடி இடைவெளியில் மூன்று பருப்பு போட்டு, ஆறு மாதம் கழித்து நேராக வளர்ந்த ஒன்றை விட்டு மற்றதை வெட்டிவிடலாம். பிடுங்காதீர்கள், பக்கத்து வேரும் கிழியும்.

மண் விஷயத்தில் வடசென்னை ஒரே ஊர் கிடையாது. திருவொற்றியூர், காசிமேடு பக்கம் மணல், ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. மூன்றடிக் குழி எடுத்து ஏரி வண்டலும் மக்கிய எருவும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்ப வேண்டும். கொளத்தூர், மாதவரம் பக்கக் களியில் அதே குழியை எடுத்தால் அது மழைக்காலத்தில் தொட்டி ஆகிவிடும். அங்கே குழியே வேண்டாம். நாலடி அகலத்துக்கு ஒன்றரை அடி மேடு போட்டு மேட்டின் மேல் விதையுங்கள். மூன்றாவது ஒரு வகை இருக்கிறது, அதுதான் மோசம்: மனையை உயர்த்த ரப்பீஸ், அதாவது கட்டட இடிபாடு, கொட்டிய இடம். சிமெண்ட்டும் சுண்ணாம்பும் கலந்த அந்த மண்ணில் புதுத் துளிர் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றது மஞ்சளாகவும் வரும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. எவ்வளவு உரம் போட்டாலும் தீராது. ரப்பீஸைத் தோண்டி வெளியே அள்ளுவதைத் தவிர வழியில்லை.

தண்ணீர் அதைவிட முக்கியம். மா உப்பு தாங்காது. போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, 1000-ஐத் தாண்டினால் இலை நுனி தீய்ந்ததுபோல் கருகி, அந்தக் கருகல் ஓரமாக உள்ளே இறங்கும். காட்டுப்பள்ளி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010-ல் வந்த பிறகு வடசென்னையின் பல பகுதிகளில் மெட்ரோ தண்ணீர் போரைவிட மேல், கன்றுக்கு அதை ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இன்னும் நல்லது, அதில் உப்பே கிடையாது. ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயைச் செடிக்குத் திருப்பி விடுவதைப் பல வீட்டில் பார்க்கலாம். போரில் இருக்கிற உப்பை இன்னும் கெட்டியாக்கி ஊற்றுகிறோம் என்று அர்த்தம்.

ஒட்டு

இந்த ஜூனில் போட்ட கொட்டை அடுத்த ஜூலையில் பென்சில் கனம் வந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சாயங்கால மழை வந்து காற்றில் ஈரம் இருக்கும், அதுதான் நேரம். அக்னி நட்சத்திரத்தில் கட்டினால் குச்சி காய்ந்துவிடும், ஐப்பசி அடைமழையில் கட்டினால் அழுகும். தையில் கட்டுகிறவர்களுக்கு வேறு தொல்லை: குச்சியின் மொட்டு பூ மொட்டாக இருக்கும், துளிருக்குப் பதில் பூங்கொத்து வந்து உதிர்ந்து குச்சியும் போய்விடும்.

ஒட்டுக்குச்சி வேண்டிய ரகத்தின் மரத்திலிருந்து. காய்த்துக்கொண்டிருக்கிற மரமாக இருக்கட்டும். சின்ன இடத்துக்கு நீலம் நல்லது, அடக்கமாக வளரும், வருஷா வருஷம் காய்க்கும். மல்லிகாவும் அடங்கும். இமாம் பசந்த் ருசியில் ராஜாதான், ஆனால் காய்ப்பில் கஞ்சம், இடமும் நிறைய கேட்கும். மூன்று நாலு மாத வயதுள்ள, வெயில் பட்ட, நுனிக் கிளையைத் தேர்ந்தெடுத்து இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிடுங்கள். குச்சியை மரத்திலேயே விடுங்கள். ஏழிலிருந்து பத்து நாளில் காம்பு தானே உதிரும், நுனி மொட்டு பருத்து நிற்கும். விரியாமல் பருத்த அந்த நிலையில் நாலைந்து அங்குலம் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து அன்றைக்கே கட்டிவிடுவது உத்தமம். இந்தப் பத்து நாள் தயாரிப்பைத் தவிர்த்துவிட்டு “எனக்குக் கை ராசி இல்லை” என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

நாற்றில் புதுத் துளிர் செம்பு நிறத்தில் இருக்கும்போது, அந்தத் துளிர்த்தண்டும் பழைய தண்டும் சேருகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரமாவது இருக்கட்டும். கீழே நாலைந்து முற்றிய இலைகளை விட்டுவைக்க வேண்டும், வேருக்குச் சோறு அங்கிருந்துதான். வெட்டிய தண்டின் நடுவில் புதுக் கட்டர் பிளேடால் நேராக மூன்றரை சென்டிமீட்டர் பிளவு. குச்சியின் அடியை அதே நீளத்துக்கு இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவ வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பு. இரண்டு மூன்று தடவை செதுக்கினால் பரப்பு மேடு பள்ளமாகி நடுவில் காற்று நிற்கும். பால் வடிந்தால் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், சீவிய இடத்தை விரலால் தொடாதீர்கள். மாம்பால் பட்டால் தோல் பொத்துப்போகும், கண்ணுக்குப் பத்திரம்.

இப்போது கிட்டத்தில் பாருங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழவென்று முடி கனத்தில் ஒரு விளிம்பு தெரியும். வளர்கிற உயிர் அதில்தான் இருக்கிறது. நாற்றின் விளிம்பும் குச்சியின் விளிம்பும் ஒன்றையொன்று தொட வேண்டும். குச்சி மெலிசாக இருந்தால் நடுவில் நிறுத்தாதீர்கள், அழகாகத் தெரியும், ஆனால் இரண்டு பக்கமும் தொடாது. ஒரு ஓரமாக ஒதுக்கி அந்தப் பக்கத்தையாவது சரியாகச் சேருங்கள்.

இரண்டு சென்டிமீட்டர் அகலப் பாலிதீன் நாடாவைக் கீழிருந்து மேலாக இழுத்து இழுத்துச் சுற்றுங்கள், ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி மழைத்தண்ணீர் உள்ளே போகாது. பால் கவர் வேண்டாம், அது இழுபடாது. பிறகு பெப்சி ஐஸ் ஊற்றுகிற நீளக் கவரைக் குல்லா மாதிரி மேலிருந்து மாட்டி ஒட்டுக்குக் கீழே கட்டிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் குச்சிக்கு வேரிலிருந்து தண்ணீர் கிடையாது, கவருக்குள் நிற்கிற ஈரம்தான் அதைக் காப்பாற்றுகிறது. மத்தியான வெயில் நேராக விழுகிற இடமென்றால் கவரின் மேல் ஒரு செய்தித்தாள் கூம்பு. இல்லாவிட்டால் உள்ளே அவிந்துவிடும்.

பதினைந்திலிருந்து இருபத்தைந்து நாளில் மொட்டு வெடிக்கும். துளிர் கவரை முட்டும்போது, சாயங்காலமாகப் பார்த்து எடுங்கள்.

எங்கே தவறிப்போகிறது

ஒரு வாரத்தில் குச்சி அடியிலிருந்து கறுத்தால் ஈரம் இறங்கிவிட்டது, அல்லது பிளேடு சுத்தமில்லை. நுனியிலிருந்து சுருங்கினால் குல்லாவில் ஓட்டை. நாற்பது நாளாகியும் பச்சையாக இருந்து துளிர்க்கவில்லையென்றால் பொறுங்கள், நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தே கொன்றுவிடாதீர்கள். இரண்டு இலை வந்து திடீரென்று தொங்கினால் ஒட்டு சேரவே இல்லை, குச்சி தன்னிடம் இருந்த சேமிப்பில் துளிர்த்து அது தீர்ந்ததும் போய்விட்டது.

அதிகம் பேர் ஏமாறுவது வேறு இடத்தில். ஒட்டுக்குக் கீழே நாற்றின் சொந்தத் துளிர் கிளம்பும். “நல்லா வருதே” என்று விட்டுவிடுவார்கள். ஒரு வருஷத்தில் அது மேலே உள்ளதை அமுக்கிவிடும், ஐந்தாம் வருஷம் புளிப்பும் நாருமாக ஏதோ ஒன்று காய்க்கும், பழி ரகத்தின் மேல் விழும். ஒட்டுக்குக் கீழே வருகிற எந்தத் துளிரையும் விரல் நீளம் ஆகும் முன் கிள்ளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பழைய நாட்டு மா நின்றால் அதையும் மாற்றலாம். அறுவடை முடிந்ததும் ஒரு கிளையை மட்டும் மூன்றடி விட்டு வெட்டி, வெட்டில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்கிற பூஞ்சைக்கொல்லியைக் குழம்பாகப் பூசுங்கள். வருகிற துளிர்களில் மூன்றை வைத்துக்கொண்டு, அவை செம்பு நிறத்தில் இருக்கும்போதே மேலே சொன்ன அதே ஒட்டு. மொத்த மரத்தையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள், திடீரென்று வெயில் பட்டுப் பட்டை வெடிக்கும். ஒரே மரத்தில் பல ரகம் வேண்டுமானால் அடங்கிய ரகத்துக்கு வெயில் பக்கக் கிளையைக் கொடுங்கள், பங்கனப்பள்ளி எங்கே வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

மற்ற பழங்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. நாட்டு எலுமிச்சை விதையிலேயே பெரும்பாலும் தாயைப்போல் வரும், ஒட்டு வீண் வேலை. கொய்யாவுக்கு விண்பதியம்: பென்சில் கனக் கிளையில் ஒரு அங்குலப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பைச் சுரண்டி, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் தென்னைநார்க் கழிவை வைத்துப் பாலிதீனால் இறுக்கிக் கட்டினால் ஒன்றரை மாதத்தில் வேர் தெரியும். ஆனால் பதியத்துக்கு ஆணிவேர் கிடையாது, கம்பு ஊன்றியே ஆக வேண்டும். சப்போட்டா உப்பைத் தாங்கும், கடலோரத்துக்கு முதல் மரமாக அதைத்தான் சொல்வேன். அதைப் பாலை என்கிற மரத்தின் கன்றின் மேல் ஒட்டியதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். பாலை கனமாக இரண்டு வருஷம் ஆகும், அதற்கு வீட்டில் காத்திருப்பது பொறுமைக்குச் சோதனை.

மாவுக்குத் திரும்பினால், ஜூலையில் கட்டியதன் நாடாவை அக்டோபர் பாதியில் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுங்கள். எடுக்காமல் விட்டால் தண்டு பருக்கப் பருக்க நாடா உள்ளே புதைந்து, அந்தக் கழுத்தில் புயல் காற்று கன்றை முறித்துவிடும். நாடாவை எடுத்த அன்றே பக்கத்தில் ஒரு சவுக்குக் கம்பு நட்டு, கம்புக்கும் தண்டுக்கும் நடுவே எட்டு வடிவில் பழைய துணியால் தளரக் கட்டுங்கள். ஒட்டுக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு.