7,39,39,133: வாலை வெட்டினாலும் பகா எண்

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். பார்த்தால் ஏதோ டெண்டர் தொகை மாதிரி இருக்கும், ஆனால் எனக்குத் தெரிந்த எண்களில் இவ்வளவு பிடிவாதமானது வேறு இல்லை.

73939133 ஒரு பகா எண். அதில் பெரிய அதிசயம் இல்லை, பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் காலத்திலேயே நிரூபித்தாயிற்று. ஆனால் கடைசி இலக்கத்தை நீக்கிப் பாருங்கள்: 7393913, அதுவும் பகா எண். இன்னொன்றை நீக்கினால் 739391, அதுவும். அப்புறம் 73939, 7393, 739, 73, 7. கடலூரிலிருந்து பாண்டி போகிற பஸ்ஸில், டிக்கெட்டின் பின்பக்கம் இதை எழுதி, கட்டைவிரலால் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைத்து அக்கா மகளுக்குக் காட்டினேன். அரியாங்குப்பம் வருவதற்குள் அவள் கேட்டது சரியான கேள்வி: "அப்படியே பின்னாடி சேர்த்துக்கிட்டே போனா என்ன மாமா?"

போக முடியாது. இந்த வகையில் மொத்தம் 83 எண்கள்தான், அதில் பெரியது இதுவே.

காரணம் பெரும்பாலும் 3தான். பின்னால் சேர்க்கிற இலக்கம் 1, 3, 7, 9 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். இரட்டைப்படையோ 5ஓ வந்தால் கதை முடிந்தது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று பள்ளியில் படித்தோமே, அதை இங்கே வைத்துப் பாருங்கள். 7ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1. 3ஐயும் 9ஐயும் எத்தனை சேர்த்தாலும் மீதி மாறாது. ஒரே ஒரு 1 அல்லது 7 சேர்த்தால் மீதி 2 ஆகிவிடும், அதற்கப்புறம் இன்னொரு 1ஓ 7ஓ வந்தால் 3 விழுங்கிவிடும். ஆக, வாழ்நாளில் ஒரே ஒரு சலுகை. 7-3-9-3-9 வரை அதைத் தொடாமல் வந்து, ஆறாவது இடத்தில் 1ஐச் செலவழித்துவிட்டு, மிச்சத்தை 3, 3 என்று ஓட்டியிருக்கிறது நம்ம ஆள். 2லோ 5லோ தொடங்குகிறவற்றுக்கு அந்தச் சலுகையும் இல்லை, அதனால்தான் இதே வகையில் எட்டு இலக்கம் கொண்ட 23399339, 29399999, 59393339 மூன்றிலும் முதல் இலக்கம் போக மீதியெல்லாம் வெறும் 3ம் 9ம். (எட்டு இலக்கத்தில் மிச்சம் இருக்கிற ஒன்று 37337999.)

இந்த ஐந்துக்கும் பின்னால் எதைச் சேர்த்தாலும் பகா எண் கிடைப்பதில்லை. நம்முடையதில் 1, 7 சேர்த்தால் 3ஆல் வகுபடும். 3, 9 சேர்த்தால் 3 தடுக்காது, ஆனாலும் வேறு ஏதோ ஒரு எண்ணால் வகுபட்டுவிடுகிறது.

இடப்பக்கத்திலிருந்து வெட்டினால் நம்ம ஆள் தாங்க மாட்டார், கடைசியில் 33 வந்து நிற்கும், அது மூன்று பதினொன்று. அந்தப் பக்கத்துச் சாம்பியன் 357686312646216567629137, மொத்தம் 24 இலக்கம். முன்னால் சேர்ப்பதற்கு 1 முதல் 9 வரை எதுவும் வரலாம் என்பதால் அங்கே ஓட்டம் நீளம். இரண்டு பக்கமும் தாங்குகிறவற்றில் பெரியது 739397. முதல் ஐந்து இலக்கத்தைப் பாருங்கள், நம்ம ஆளின் பங்காளிதான்.