பாதி ரிசல்ட் பாட்டிலில்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பயாப்சி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஜீன் டெஸ்ட்டில் ஒன்றும் வரவில்லை என்றால் எல்லோரும் மெஷினைத்தான் திட்டுகிறார்கள். மெஷினுக்கு வருமுன்பே, சதைத்துண்டு கிடந்த பாட்டிலிலேயே பாதி ரிசல்ட் முடிவாகிவிடுகிறது.

எங்கள் பக்கம் அதிகம் பார்ப்பது கழுத்தில் நெறிகட்டி. டிபி சந்தேகம். கட்டியை எடுத்து முழுசாக ஃபார்மலினில் (சதை அழுகாமல் வைக்கும் மருந்து) போட்டுவிட்டு, சீட்டில் ‘ஜீன் எக்ஸ்பர்ட், கல்ச்சர்’ என்று எழுதி அனுப்புவார்கள். முன்னது டிபி கிருமியின் ஜீனைத் தேடும் டெஸ்ட், பின்னது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். அப்புறம் கல்ச்சரில் எது வளரும்? ஜீன் எக்ஸ்பர்ட்டும் ஃபார்மலினில் ஊறிய சதைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு துண்டை சலைனில் போட்டு, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே அனுப்பியிருந்தால் போதும். கொண்டுவரும் பையனிடம் கேட்டால், “இன்னாக்கா, மருந்து ஃபுல்லா ஊத்தித்தான எடுத்துனு வந்தேன்” என்பான். அவன்மேல் என்ன தப்பு?

புற்றுநோய் சாம்பிளுக்கு ஃபார்மலின் வேண்டும்தான். ஆனால் அது 10% பஃபர் ஃபார்மலினாக இருக்கவேண்டும், சதையைப்போல் பத்து மடங்காவது ஊற்றவேண்டும். பஃபர் சேர்க்காத பழைய ஃபார்மலின் அமிலமாகி டிஎன்ஏவைத் துண்டுதுண்டாக்கும். மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும் என்பதால், பெரிய கட்டியை நறுக்காமல் போட்டால், மே மாத வெயிலில் நடுப்பகுதி அழுகியே வரும். மார்பகப் புற்றுநோய்க்கு 6 மணி முதல் 72 மணி நேரம் வரை ஊறலாம் என்கிறது வழிகாட்டி. பொங்கல் லீவுக்கு அது தெரியுமா! எலும்பு என்றால் இன்னும் மோசம்: சுண்ணாம்பை எடுக்க ஆசிட்டில் போட்டால் டிஎன்ஏ போச்சு. அதற்குப் பதில் ஈடிடிஏ என்ற ரசாயனத்தில் போட்டால் நாள்கணக்கில் இழுக்கும், ஆனால் டிஎன்ஏ மிஞ்சும்.

ஃபார்மலினில் ஊறிய சதையை மெழுகில் புதைத்து பிளாக்காக்கி வைப்போம். அப்படி மெழுகு பிளாக்காக மாறிய பிறகும் டிஎன்ஏ கொஞ்சம்கொஞ்சமாக உடைந்துகொண்டேதான் இருக்கும். ஆர்என்ஏ அதைவிட வேகமாக. அதனால் பழைய பிளாக்கில் 100, 150 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குள் தேடும் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கும் டெஸ்ட்) எடுபடும், நீளமானது எடுபடாது. எனக்குப் பயம் வேறொன்றில். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், ஃபார்மலினில் கெட்டு யுராசிலாகும். மெஷின் அதை ‘டி’ என்ற வேறு எழுத்தாகப் படித்து, இல்லாத மியூட்டேஷனை (ஜீன் மாற்றத்தை) காட்டும். இருப்பது தெரியாமல் போவதைவிட இது விபரீதம். யுராசிலை வெட்டியெடுக்கும் என்சைம் சேர்த்தால் இந்தப் பொய் பெருமளவு குறையும்.

எந்தச் சதையிலும் வந்தாகவேண்டிய கன்ட்ரோல் ஜீனே வராத சாம்பிளுக்கு ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது. ‘சாம்பிள் போதாது’ என்றுதான் எழுதவேண்டும். எழுதினால் டாக்டரிடமிருந்து கோபமாக போன் வரும். சீட்டில் ‘சதை எடுத்த நேரம்’ என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் காலியாகத்தான் வருகிறது. போன் போட்டு தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டு நானே நிரப்பிக்கொள்கிறேன்.