அதே மணம் மறுபடியும் வேண்டும் என்பவர்களுக்காக

ஒருவருக்கென்று தனியாக செண்ட் கலந்து கொடுக்கும் தொழிலைச் சேலத்தில் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன் என்று சொன்னால், புதிய மணங்களை எப்படி உருவாக்குகிறீர்கள் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். புதிதாகக் கலப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு. ஆனால் தொழிலின் கடினமான பகுதி அதுவன்று. தன் திருமணத்துக்காக ஒரு மணத்தைக் கலந்து வாங்கிச் சென்ற பெண், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் காலத்தில் திரும்பி வந்து, "அதே செண்ட்தான் வேண்டும், கொஞ்சமும் மாறக் கூடாது" என்று கேட்கிறாரே, அங்குதான் என் உண்மையான வேலை தொடங்குகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கலவையில் இருந்த பொருள்களில் பாதி மாறியிருக்கும்.

என் கடை செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் ஒரு தெருவில் உள்ளது. பக்கத்துப் பட்டறைகளில் வெள்ளியை எப்படிச் சிந்தாமல் சிதறாமல் நிறுக்கிறார்களோ அப்படியே நானும் எல்லாவற்றையும் எடைபோட்டே எடுக்கிறேன். சொட்டுக் கணக்கு என்பது இந்தத் தொழிலில் நம்பக்கூடாத கணக்கு. சந்தன எண்ணெய் கெட்டியானது, ஆரஞ்சு எண்ணெய் நீர்த்தது. இரண்டின் சொட்டும் ஒரே எடை ஆகாது. சித்திரை வெயிலில் விழும் சொட்டும் மார்கழிக் காலையில் விழும் சொட்டும்கூட ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கலவைக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பொருளின் பெயர், எடை, எங்கே வாங்கியது, எந்தத் தொகுதி எண், எந்த மாதத்தில் வந்தது ஆகிய அனைத்தையும் எழுதுகிறேன். கலவையில் ஒரு சிறு குப்பியளவு எடுத்துக் காகிதம் சுற்றி, வெளிச்சம் படாமல் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். குறிப்பேட்டைவிட இந்தக் குப்பிகளே எனக்குப் பெரிய சொத்து. எழுத்து அளவைத்தான் சொல்லும். மணத்தைச் சொல்லக் குப்பிதான் வேண்டும்.

நம் ஊர்ப் பூச்சந்தையைப் பார்த்தவர்கள், இவ்வளவு மல்லிகை இங்கேயே கிடைக்கும்போது உங்களுக்கு என்ன குறை என்பார்கள். மல்லிகையின் மணம் ஆவியில் வடித்தால் கெட்டுவிடும். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவைக் கழுவி, மெழுகாகத் திரளும் பொருளை மறுபடி சாராயத்தில் பிரித்துத்தான் மணச்சாற்றை எடுக்க வேண்டும். ஒரு கிலோ சாறு எடுக்க ஏறத்தாழ 1,000 கிலோ பூ தேவைப்படும். இது பெரிய ஆலைகளால் மட்டுமே ஆகக்கூடிய வேலை. என்னைப் போன்றவர்கள் அவர்களிடமிருந்து கிராம் கணக்கில் வாங்குகிறோம். அப்படி வாங்கும் சாறும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வெட்டிவேர் அதைவிட அதிகமாக மாறும். மண்ணும் வேரின் வயதும் வடித்த நேரமும் அதன் எண்ணெயில் அப்படியே தெரியும்.

இயற்கைப் பொருள்தான் மாறும், ஆய்வகப் பொருள் மாறாது என்று நினைப்பதற்கும் இல்லை. மென்மையான வெள்ளைப் பூ மணத்துக்காக உலகெங்கும் பயன்பட்டுவந்த லிலியால் என்ற பொருளை, இனப்பெருக்க நலனுக்குக் கேடு விளைவிக்கக்கூடியது என்று வகைப்படுத்தி, 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்களில் தடைசெய்தது. அதற்கு முன்பே, ஒவ்வாமை காரணமாக, லைரால் என்ற மற்றொன்றும் போய்விட்டது. தடை ஐரோப்பாவில்தான் என்றாலும், ஒருவர் தோலில் தினமும் பூசிக்கொள்ளும் பொருளில் அதை இனிச் சேர்ப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. இவ்விரண்டும் இருந்த பழைய கலவைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, குளிர்பெட்டிக் குப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலைந்து வேறு பொருள்களைச் சேர்த்து அதே மணத்துக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. மாற்றியதை வாங்குபவரிடம் சொல்லியே கொடுத்தேன். சொல்லாமல் மாற்றுவது இந்தத் தொழிலில் பொய் சொல்வதற்குச் சமம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் "அதே மணம்" என்பது எது? இந்தக் கேள்வியை எனக்குத் தெளிவாக்கியவர் அம்மாப்பேட்டையைச் சேர்ந்த ஒரு பெரியம்மா. நெசவுக் குடும்பம். அறுபதாம் கல்யாணத்துக்காக எலுமிச்சை, மரிக்கொழுந்து, வெட்டிவேர் மூன்றையும் முதன்மையாக வைத்து அவருக்கு ஒன்று கலந்து கொடுத்திருந்தேன். பல ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டார்; பழைய கணக்கின்படியே செய்து கொடுத்தேன். மறுவாரம் கடைக்கு வந்தவர், "நல்லாத்தான் இருக்குது கண்ணு, ஆனா என்னோடது இது இல்ல" என்று சொல்லி, மஞ்சள் பையிலிருந்து பழைய பாட்டிலை எடுத்து வைத்தார். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

மூன்று காகிதப் பட்டைகளை எடுத்து, ஒன்றில் அவருடைய பழைய பாட்டிலையும், ஒன்றில் என் குளிர்பெட்டிக் குப்பியையும், ஒன்றில் புதிய கலவையையும் தொட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். குப்பிக்கும் புதிய கலவைக்கும் வேறுபாடே இல்லை. பெரியம்மாவின் பாட்டில்தான் வேறாக இருந்தது. தகரக் கூரையின் வெப்பத்தில், பாதி காலியான பாட்டிலுக்குள் காற்று புகுந்து, எலுமிச்சை முற்றிலும் அடங்கி, வெட்டிவேர் தன் கரகரப்பை விட்டு வழவழப்பாகி, மரிக்கொழுந்தின் பழச்சாயல் மேலே வந்திருந்தது. அவர் நாள்தோறும் ஒரு துளி பூசிப் பூசி, அந்த மாற்றத்தோடு கூடவே வந்திருக்கிறார். அவருக்கு அவருடைய மணம் என்பது நான் கொடுத்த நாளில் இருந்ததன்று. அவர் வீட்டில் அது ஆகிவந்ததுதான்.

பழைய எலுமிச்சை எண்ணெயைச் சேர்த்து அதைக் கொண்டுவருவது எளிது. ஆனால் அந்த எண்ணெயில் மிகுதியாக உள்ள லிமோனீன் என்ற பொருள் காற்றுப்பட்டுப் பழையதானால் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் அந்த வழியை நான் எடுக்கவில்லை. எலுமிச்சையைக் கால்பங்காகக் குறைத்து, மரிக்கொழுந்தைச் சற்றே கூட்டி, வெட்டிவேரின் கரகரப்பை மூடச் சாம்பிராணிப் பிசினைச் சிறிது சேர்த்து, சில வாரங்கள் ஊறவைத்துக் கொடுத்தேன். மணிக்கட்டில் தடவி, முந்தானையால் கையை மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "இதுதான்" என்றார். அன்றிலிருந்து, மறுபடி கேட்டு வருகிறவர்களிடம் பழைய பாட்டிலில் மிச்சமிருந்தால் கட்டாயம் கொண்டுவரச் சொல்கிறேன். என் குப்பிக்கும் அவர்கள் பாட்டிலுக்கும் வேறுபாடு இருந்தால், அவர்களுடைய பாட்டில் சொல்வதே எனக்கு முடிவு.

மரிக்கொழுந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதம்பத்தில் கட்டும் அந்தத் தழையிலிருந்து எடுக்கும் எண்ணெய், ஒவ்வொருவர் தோலிலும் வெவ்வேறாக மணப்பதற்குப் பெயர்பெற்றது. அதனால் அது சேரும் எந்தக் கலவையையும் காகிதத்தில் மட்டும் முகரவைத்து நான் விற்பதில்லை.

திருமணச் செண்டுகளில் வேறொரு கவலை உண்டு. வெனிலா மணத்தைத் தரும் வெனிலின் உள்ள கலவை நாளாக நாளாகப் பழுப்பேறும். மல்லிகைச் சாயலுக்குச் சேர்க்கும் மெத்தில் ஆந்த்ரானிலேட்டும் ஆல்டிஹைடு என்னும் வகை மணப்பொருள்கள் சிலவற்றோடு சேர்ந்து ஆரஞ்சு நிறமாகும். மாப்பிள்ளை உடுத்தும் சேலம் வெண்பட்டில் அது பட்டால் கறை போகாது. ஆதலால் வெண்பட்டுக்கென்று கேட்பவர்களுக்கு இவ்விரண்டையும் தவிர்த்தே கலக்கிறேன். சற்று இனிப்புக் குறையும், பரவாயில்லை.

உரிமங்கள், வரி, கூரியர் பற்றியெல்லாம் விரிவாக எழுத விருப்பமில்லை. செண்ட் சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். சாராயம் கலந்தது எளிதில் தீப்பற்றும் சரக்கு என்பதால் வான்வழியில் அனுப்புவதில் கட்டுப்பாடுகள் மிகுதி. நான் சாலை வழியாகவே அனுப்புகிறேன்.

இப்போது கையில் இருக்கும் வேலை ஏற்காட்டிலிருந்து வந்தது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்து, அதை விற்றுவிட்டு ஊருக்குள் வந்துவிட்ட ஒருவர், காப்பிப் பூவின் மணம் வேண்டும் என்கிறார். பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தால், ஏறத்தாழ பத்து நாளில் அராபிகா வகைக் காப்பிச் செடிகள் மொத்தமாக வெள்ளையாகப் பூத்து, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். மல்லிகைக்கும் நாரத்தைப் பூவுக்கும் நடுவிலான மணம் அது. ஈர மண்ணும் சில்வர் ஓக் நிழலும் அதோடு சேர்ந்தே நினைவில் நிற்கும். வறுத்த காப்பிக்கொட்டையின் சாயல் அதில் துளியும் கிடையாது. பூக்கவைக்கும் அந்த மழை பெய்த ஆண்டுகளில் மலைக்குப் போய், செடியருகில் நின்று எழுதிவந்த குறிப்புகளைக் கொண்டு கலந்துகொண்டிருக்கிறேன். இன்னும் ஈர மண் சரியாக வரவில்லை.

அவருக்குக் கொடுக்கும்போது, பாட்டிலோடு கலவைக் குறிப்பின் நகலையும் உறையிலிட்டுக் கொடுப்பதாக இருக்கிறேன். கலவைதான் தொழிலின் ரகசியம், அதைக் கொடுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று இத்தொழிலில் உள்ளவர்கள் எச்சரிக்கிறார்கள். போகட்டும். என் கடை இல்லாத ஒரு காலத்திலும் அவர் பேத்தி அந்தத் தாளை எடுத்துச் சென்று வேறொருவரிடம் கேட்க முடிய வேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்கும் இதே போல் நகல் எடுத்து, மாற்றிய பொருள் எது, ஏன் மாற்றினேன் என்பதை ஓரத்தில் எழுதி, ஒவ்வொன்றாக அனுப்பிவருகிறேன்.