ஒரு மில்லிவோல்ட்

ஜூன் 9

தருமபுரிப் பக்கம் புளோரைடு அளப்பதற்காக எடுத்த போர்வெல் தண்ணீர் சாம்பிள்கள் லேபுக்கு வந்துவிட்டன. எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில்கள். புளோரைடுக்குக் கண்ணாடி ஆகாது.

அந்த மண்ணுக்கு அடியில் கிரானைட்டும் நைஸ் பாறையும். அவற்றிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடு கசிகிறது. தண்ணீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் கால்சியம் புளோரைடாகப் படிந்துபோகும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் ஏறிய தண்ணீரில் கரைந்தபடியே இருக்கும். அதனால்தான் ஒரே ஊரின் இரண்டு போர்வெல்கள் வெவ்வேறு கணக்குச் சொல்கின்றன.

அங்கே ஓர் ஆயா கேட்டார்: "ஏம்மா, காய்ச்சிக் குடிச்சா சரியாயிடுமா?"

"இல்ல ஆயா. காய்ச்சினா தண்ணிதான் வத்தும், புளோரைடு போகாது."

பக்கத்தில் நின்ற பேத்தியின் முன்பற்களில், புளோரைடு மிகுந்தால் விழும் பழுப்புக் கோடுகள்.

ஜூன் 11

உலர்த்திய சோடியம் புளோரைடு 221 மில்லிகிராம், தண்ணீர் 1 லிட்டருக்கு. லிட்டரில் 100 மி.கி. புளோரைடு. இதை நீர்க்கவைத்துத்தான் மற்ற ஸ்டாண்டர்டுகள், அதாவது செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்கள்.

புளோரைடை அளக்கும் எலெக்ட்ரோடின் முனையில் இருப்பது யூரோப்பியம் சிறிதளவு கலந்த லாந்தனம் புளோரைடுப் படிகம். 1966-இல் ஃபிராண்டும் ராஸும் அறிமுகப்படுத்தியது. படிகத்துக்குள் நகரக்கூடியது புளோரைடு அயனி ஒன்றுதான். இத்தனை அயனிகள் கலந்த தண்ணீரில் ஒன்றை மட்டும் அது அடையாளம் காண்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தொல்லை தருவது ஹைட்ராக்சைடு மட்டும். பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) ஏறினால் அது குறுக்கிடும். மிகவும் இறங்கினால் புளோரைடே ஹைட்ரஜனோடு சேர்ந்து மறைந்துவிடும். பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் டிசாப் கரைசலைச் சம அளவு சேர்த்து 5-க்கும் 5.5-க்கும் இடையில் நிறுத்துகிறோம்.

ஜூன் 12

ஸ்டாண்டர்டுகளை அளந்து வரைந்த காலிப்ரேஷன் கோடு நேராக வந்தது. மனசுக்கு நிம்மதி.

ஜூன் 16

பள்ளிக்கூடத்துக்கு அருகிலுள்ள போர்வெல். அளவுகள் 1.46, 1.53, 1.49. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மி.கி.; வேறு நீராதாரமே இல்லையென்றால் மட்டும் 1.5 வரை. நம் சாம்பிள் சரியாக அந்த வரப்பின்மேல் நிற்கிறது.

எலெக்ட்ரோடு செறிவை மின்னழுத்தமாகத்தான் காட்டும்: 25 டிகிரியில் செறிவு பத்து மடங்கு மாறினால் மீட்டரில் 59.16 மில்லிவோல்ட் மாறும். அப்படியானால் ஒரே ஒரு மில்லிவோல்ட் பிசகினால் முடிவு ஏறக்குறைய 4 சதவீதம் நகரும். 1.5-இல் அது 0.06. இந்த ஒரு மில்லிவோல்ட்டில் 'குடிக்கலாம்' என்பது 'குடிக்கக் கூடாது' என்று ஆகிவிடுகிறது.

ஸ்டிரர் மோட்டாரின் சூடு பீக்கரில் ஏறினாலே அளவு நகரும். நடுவில் தெர்மோகோல் துண்டு வைத்து, ஸ்டாண்டர்டையும் சாம்பிளையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி எடுத்தேன். அப்போதும் 1.5-ஐச் சுற்றியே.

ஜூன் 20

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுச் சுத்திகரித்த தண்ணீர் ஒன்று. இது நல்கொண்டா முறை. இதில் மிஞ்சும் அலுமினியம் புளோரைடைப் பற்றிக்கொள்ளும்; அப்படிப் பிடிபட்டதை எலெக்ட்ரோடு காணாது. டிசாப்பிலுள்ள சி.டி.டி.ஏ. என்ற சேர்மம் அலுமினியத்தைத் தன் பக்கம் இழுத்துப் புளோரைடை விடுவிக்கிறது. அது முழுமையாக நடந்ததா என்று பார்க்க, தெரிந்த அளவு புளோரைடைச் சாம்பிளிலேயே சேர்த்து அளந்தேன். சேர்த்தது திரும்பக் கிடைத்தது. சி.டி.டி.ஏ. இல்லாமல் அளந்தால் குறைவான எண் வரும், எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். நினைக்கவே பதறுகிறது.

ஜூன் 24

பஞ்சாயத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தோம். லேப் சீனியர் அண்ணா, "ஒரே நம்பரா போட்டுடு, இல்லன்னா குழம்புவாங்க" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1.49 என்று போட்டால் எல்லைக்குள் என்று படித்துக்கொள்வார்கள். நம் அளவீட்டால் அவ்வளவு உறுதி தர முடியாது. மேடமும் என் பக்கம் பேசினார்.

எழுதியது இதுதான்: "1.4 முதல் 1.6 வரை. ஊரில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருவதால் 1.5 என்ற தளர்வு இங்கே பொருந்தாது. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். போர்வெல் தண்ணீர் துவைக்க, கழுவ மட்டும்."

மழைக்குப் பிறகு அதே போர்வெல்லில் மறுபடி சாம்பிள் எடுக்க வேண்டும்.