பாத்ரூம் நிலை தவிர

எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு இப்போதைக்குக் கதவு இல்லை. சின்னவனின் பழைய கார்ட்டூன் போர்வைதான் தொங்குகிறது. உள்ளே போகிறவர் வாய் ஓயாமல் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வீட்டம்மா போட்ட சட்டம். பெரியவள் பாடுகிறாள். சின்னவன் புல்லட் ஓட்டுகிறான். அப்பாவுக்குப் பாட்டு வராது. கணக்கு வாத்தியார் அல்லவா, வாய்ப்பாடு சொல்கிறார். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தாண்டினால், அன்றைக்கு அய்யாவுக்கு வயிறு சரியில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

எல்லாம் கரையான் செய்த வேலை. சின்னவன் சும்மா இருக்காமல் கதவு நிலையில் விரலை வைத்து அழுத்த, விரல் முழுதாக உள்ளே போய்விட்டது. வெளியே பெயிண்ட் மட்டும் விறைப்பாக நின்றிருக்கிறது, உள்ளே மரம் என்று ஒன்றுமே இல்லை. மறுநாள் கதவு கீலோடு சேர்ந்து பெரியவளின் கையில் வந்துவிட்டது.

ஆனையூரில் பிளம்பர் கிடைப்பார், ஏசி மெக்கானிக் கூட நடுராத்திரியில் கிடைப்பார். ஒற்றை நிலை மாற்ற ஆசாரி கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. எல்லோரும் மாடுலர் கிச்சன் பக்கம் போய்விட்டார்கள். பிளைவுட்டை அறுத்து மைக்கா ஒட்டினால் காசு. பழைய நிலையைப் பெயர்த்தால் தூசியும் திட்டும்தான். கடைசியில் பால்காரர் சொல்லித்தான் இந்த அண்ணன் வந்தார்.

வந்தவர் பாத்ரூம் பக்கமே போகவில்லை. வாசல் நிலையை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். “வைரம் பாஞ்ச கட்டை. இப்ப இதெல்லாம் எங்க கிடைக்குது?” என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நிலைக்கு மரம் எடுக்க அவர் நடையாய் நடந்த கதையை நாங்கள் யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார். டீ வந்தது. இரண்டாம் டீயும் வந்தது.

பெட்ரூம் கதவு பிடிக்கிறது, கொஞ்சம் இழைத்துக் கொடுங்கள் என்று வீட்டம்மா கேட்டாள். முடியாது என்றார். “ஐப்பசி மழையில மரம் தண்ணி குடிச்சு ஊதிருக்கு தங்கச்சி. இப்ப இழைச்சா சித்திரையில சுருங்கி, இடுக்குல எலி போகும். தை பொறக்கட்டும்.” பூஜை அலமாரியில் இருந்த மெழுகுவத்தியை எடுத்துக் கதவின் விளிம்பில் இரண்டு இழுப்பு. கதவு வழுக்கிக்கொண்டு மூடியது. காசு வேண்டாம் என்றார். அந்த நிமிடமே வீட்டம்மாவும் அவர் கட்சி.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யிற டபிள்யூபிசி நிலை போட்டா கரையானும் வராது, தண்ணியும் ஊறாதாமேண்ணே” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். “போடலாம் தம்பி. அதுக்கு நான் எதுக்கு?” அப்பா என்னை அதைவிட மோசமாகப் பார்த்தார்.

மரக்கடைக்கு அப்பாவே கிளம்பினார். 4க்கு 2½ இன்ச் கட்டை. கால் இரண்டு, ஏழேழு அடி. தலைக்கட்டை இரண்டரை அடி. மொத்தம் 16½ அடி. நாலையும் இரண்டரையையும் பெருக்கினால் பத்து, பதினாறரையால் பெருக்கினால் 165, 144ஆல் வகுத்தால் 1.15 கன அடிகூட முழுதாக இல்லை. கடைக்காரர் ஒன்றரைக்கு பில் போட்டிருந்தார்.

“அறுக்கிற கழிவும் சேர்த்துத்தான் அய்யா.”

“கழிவு யாருக்கு?”

“அது கடைக்கு.”

“காசு?”

“அது உங்களுக்கு.”

இப்படி ஒரு கணக்கை அப்பா சர்வீஸில் பார்த்ததில்லை. அவர் அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்து, லாரிக்காரர்கள் எல்லாம் கூடி, கடைசியில் கழிவுக்கட்டைகள் ஒரு சாக்கு நிறைய ஆட்டோவில் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்தன. ஆட்டோ கூலி என்னுடையது. இவ்வளவும் நடந்த பிறகு ஆசாரி அண்ணன் ஒரு காலைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஓரத்துல வெள்ளை கெடக்குய்யா, வைரம் பாயாத மரம். இதை வச்சா கரையானுக்கு நாமளே பந்தி வைக்கிறோம்.” அப்பா மறுபடி மரக்கடைக்குக் கிளம்பினார். சந்தோஷமாகத்தான்.

ரம்பச் சத்தம் கேட்டதும் தெரு திரண்டுவிட்டது. எதிர்வீட்டு அக்கா ஆடுகிற அரிவாள்மனையோடு வந்தார். மாடிவீட்டு சார் ஸ்டூலோடு வந்தார். கட்டில் ஒன்று தனியாக நடந்து வருகிறதே என்று பார்த்தால் அடியில் இரண்டு பேர். பிள்ளையார் கோயில் பூசாரி உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூடி பெயர்ந்து வந்துவிட்டதாம், சாமி காரியத்துக்கு யார் மாட்டேன் என்பது? சாக்கில் வந்த கட்டைகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குப் போயின. நாள் கூலி மட்டும் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. டீத்தூள் தீர்ந்தது.

நடுவில் பரணில் எதையோ தேடப்போய் அம்மாவின் மனைப்பலகை ஆசாரி அண்ணன் கையில் சிக்கியது. நடுவில் பிளந்து, அம்மா இருக்கும்போதே மேலே போனது. அதைத் தூக்கிப்போட அப்பா விட்டதில்லை. சரி செய்யவும் கொடுத்ததில்லை. அண்ணன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிளவில் பசை போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி, மறுநாள் அடிப்பக்கம் குறுக்கே இரண்டு தேக்குத் துண்டு வைத்துத் திருகினார். அம்மா கோலம் போட்டு வைத்த சுண்ணாம்புக் கறை இருந்த மேல்பக்கத்தில் இழைப்புளியை வைக்கவேயில்லை. இப்போது அப்பா அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். முட்டி வலிக்காரரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை.

சரி, பாத்ரூம் நிலை? அது செய்து முடித்தாகிவிட்டது. சுவரில் படுகிற பக்கம் தார் கூட அடித்தாகிவிட்டது. ஹாலில் சாய்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதற்குள் புகுந்து வெளியே வந்து பார்க்கிறார்கள். சுவரில் பொருத்த வேண்டிய அன்று பார்த்து மச்சினன் வீட்டு விசேஷம் என்று அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். நம்பிக்கைக்குக் கருவிப் பையை இங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதில் இருந்த இன்ச் உளி மண்டை வெல்லம் உடைக்கத் தோதாக இருப்பதை வீட்டம்மா கண்டுபிடித்து ஒரு வாரம் ஆகிறது.

இன்று காலையில் அவரே போன் செய்தார்.

“எப்பண்ணே வர்றீங்க?”

“கார்த்திகை தீபம் முடியட்டும் தம்பி.”

“அதுக்கப்புறம் மார்கழிண்ணே.”

“ஆமா, மார்கழியில நிலை வைக்கக் கூடாதுல்ல. தையில நல்ல நாள் பார்ப்போம்.”

“பாத்ரூம் நிலைக்கு எதுக்குண்ணே நல்ல நாள்?”

“அய்யாதான் சொன்னாரு. அதுக்குள்ள ஊஞ்சலு, பீரோ கதவு, இன்னும் என்னென்னமோ லிஸ்டு எழுதி வச்சிருக்காராமே.”

திரும்பிப் பார்த்தேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார், தலைகீழாக.

“சரி தம்பி, உளி பத்திரமா இருக்கா?”

“இருக்குண்ணே.”

அடுப்படியில் ணங் என்று ஒரு சத்தம்.

“என்ன தம்பி அது?”

“தேங்காய்ண்ணே.”