முதலில் டிஸ்க், அப்புறம் விண்டோஸ்

“லேப்டாப் ரொம்ப ஸ்லோ அண்ணே, விண்டோஸ் 11 போட்டா சரியாயிடுமா?” மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டம் சூழ்ந்த ஊர்க் கணினிக் கடைகளில் அடிக்கடி விழும் கேள்வி. ஆகாது. தட்டு சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் ஓடும் கணினியில் 11 போட்டால் இன்னும் இழுக்கும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். எதையும் திறக்காமலே 100 சதவீதத்தில் நின்றால், பெரும்பாலும் சுழலும் டிஸ்க்தான் காரணம். அதற்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்குங்கள், வீட்டு வேலைக்கு 240 ஜிபி போதும். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன் என்றால், 7 மிமீ எஸ்எஸ்டி சட்டத்துக்குள் ஆடும். இடைவெளியை அடைக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிவிடுங்கள். ஆடினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். பழைய டிஸ்க் ‘டக் டக்’ என்று அடித்தால் குளோன் (டிஸ்க்கை அப்படியே முழுசாக நகலெடுப்பது) செய்யவே வேண்டாம். தேய்ந்த டிஸ்க்கை முழுக்கப் படிக்க வைத்தால் பாதியில் நின்றுபோகலாம். குடும்பப் படங்களை முதலில் காப்பி எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அதுதான் நிம்மதி.

ரேம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புக்கு டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட் ரேம்தான் வேண்டும். 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கலாம்.

செம்மண் சாலையோர வீடுகளில் விசிறிக்குப் பின்னால் இருக்கும் வெப்பத் தகடு தூசியால் கம்பளி மாதிரி அடைந்திருக்கும். இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வெப்பத் தகட்டைக் கழற்றினால், பிராசஸர் மேல் புதிதாகப் பூசும் தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) பச்சைப்பயறு அளவு போதும்.

இதற்குப் பிறகுதான் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. 11 போடும் முன் பிராசஸரின் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யு விண்டோஸ் 11 தகுதிப் பட்டியலில் இருக்கிறது, ஐ5-7200யு இல்லை. இல்லாததில் குறுக்குவழியில் 11 போட முடியும், ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. அப்பா பேப்பர் படிக்கவும் யூடியூப் பார்க்கவும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம். இணையவழி வங்கியும் பிரவுசரிலேயே நடக்கும்.

தகுதியுள்ள கணினியிலும் ஒரு கண்ணி உண்டு. விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய லெகசி துவக்க முறையில் விண்டோஸ் போட்டிருந்தால், பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) யூஇஎஃப்ஐக்கு மாற்றியதும் கணினி எழும்பாது. மாற்றுவதற்கு முன்பே, விண்டோஸ் 10-இல் இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை, யூஇஎஃப்ஐ கேட்கும் ஜிபிடி என்ற பிரிப்பு முறைக்கு மாற்றுங்கள். அது முடிந்த பிறகு பயாஸில் யூஇஎஃப்ஐயையும் டிபிஎம்மையும் இயக்குங்கள். இன்டெல் கணினிகளில் டிபிஎம் பெரும்பாலும் பிடிடி என்ற பெயரில் இருக்கும்.